பார்க்கிங்கில் குளம்

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர். வாட்ச்மேன் சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிறார். சரியா?
- வாசகி, திருவான்மியூர்

பதில்: முதலில் அந்த மூடியை மூடச் சொல்லுங்கள், மழைநீர் கழிவுநீர்க் குழாயில் புகுந்தால் குழாய் நிரம்பித் தரைத்தளத்து பாத்ரூம் வழியாகத்தான் திரும்பி வரும். 2,000 சதுர அடி சிமென்ட் தரையில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,000 லிட்டர், அதாவது ஒரு பெரிய டேங்கர் லாரித் தண்ணீர் (கோடையில் காசு கொடுத்து வாங்குவோமே, அதேதான்). கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே கம்பி வலை போட்ட வாய்க்கால் வெட்டி, மண் படியும் தொட்டி ஒன்றைக் கடந்து உறைகிணற்றில் விடுங்கள், உங்கள் பகுதி மணல் தரை, சட்டென்று உறிஞ்சிவிடும். ஆனால் கார் எண்ணெய் கலந்த தண்ணீர், குடிக்கிற கிணற்றில் மட்டும் விடாதீர்கள். அப்புறம், தொட்டியை ஐப்பசிக்கு முன்பே தூர்வாருங்கள்.