ஸ்பானிஷ் வகுப்புக்குப் பணம் கட்டுமுன்

பேச்சு ஸ்பானிஷ் கற்றுக்கொள்வதற்குச் செலவிடும் பணம் குறித்து மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த ஐந்து கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறேன். ஸ்பெயினிலிருந்து வரும் பயணிகள் குழுவாகக் கடைக்குள் நுழைகிறார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வருவதில்லை. எனக்கோ வணக்கம் சொல்லும் 'ஓலா'வுக்கு மேல் ஒன்றும் தெரியாது. '30 நாளில் சரளமான ஸ்பானிஷ், முழு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்யும் ஓர் இணையவழி நிறுவனம், 60 மணி நேர வகுப்புக்கு 18,000 ரூபாய் கேட்கிறது. இன்று இரவுக்குள் கட்டினால் 3,000 ரூபாய் தள்ளுபடியாம். கட்டலாமா?
— கடைக்காரர், மதுரை

பதில்: இன்று இரவு கட்ட வேண்டாம். 'இன்னும் சில மணி நேரமே' என்று பொய்யாக அவசரப்படுத்திப் பணம் கட்ட வைப்பது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் பட்டியலிடும் 13 வகை இணைய ஏமாற்று உத்திகளுள் ஒன்று. அந்தத் தள்ளுபடி அடுத்த வாரமும் அப்படியே இருக்கும் என்பது என் ஊகம்.

'30 நாளில் சரளம்' என்பதை எடைபோட ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோருக்கு எளிதாக வரும் மொழிகளின் வரிசையில் ஸ்பானிஷை வைத்திருந்தும், அலுவல் நடத்தப் போதுமான தேர்ச்சிக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் சரளம் வந்துவிடும் என்று உறுதி சொல்பவரிடம், அது நடக்காவிட்டால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இடம் தருகிறது என்பதால், விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்வதும் நல்லது.

ஆனால் உங்களுக்கு வேண்டியது தூதரக ஸ்பானிஷ் அல்லவே. வந்தவரை வரவேற்பது, விலை சொல்வது, பத்தாயிரம் வரை எண்கள், நிறங்களின் பெயர்கள், சேலையின் நீளம், சாயம் போகுமா என்ற கேள்விக்குப் பதில், பேரத்தை மரியாதையாக முடிப்பது ஆகிய அளவுக்குள் அடங்கும் பேச்சு ஸ்பானிஷ் 60 மணி நேரத்தில் கைகூடக்கூடியதுதான். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, அந்த 60 மணி நேரத்தில் உங்கள் வாய் திறந்திருக்க வேண்டும்.

விளம்பரங்கள் மறைப்பதும் இதைத்தான். வகுப்பில் 20 பேர் இருந்து, பாதி நேரம் ஆசிரியரே பேசினால், ஒரு மணி நேரத்தில் உங்கள் பங்குக்கு வருவது ஒன்றரை நிமிடம். 60 மணி நேரம் முடியும்போது நீங்கள் பேசியிருப்பது மொத்தம் 90 நிமிடம். அதாவது ஒரு நிமிடப் பேச்சுக்கு 200 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். அதே 18,000 ரூபாயை, மணிக்கு 600 ரூபாய் வாங்கும் ஆசிரியரிடம் தனி வகுப்புக்குக் கொடுத்தால் 30 மணி நேரம் கிடைக்கும். அதில் பாதியை நீங்கள் பேசினாலும் 900 நிமிடம், நிமிடத்துக்கு 20 ரூபாய். மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்துப் பேசவிடும் ஆசிரியராக இருந்தால் குழு வகுப்பின் கணக்கும் மேம்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பேச்சுக்காக மட்டும் கற்பவர், ஆறு பேருக்கு மேற்பட்ட குழுவில் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கமா, தனியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டும் கடைசித் திரையில்தான் அது தலைகாட்டும் வழக்கம் இருக்கிறது.

இலவச மாதிரி வகுப்பு இல்லாத இடத்தில் சேராதீர்கள். இருந்தால், முதல் பத்து நிமிடத்துக்குள் உங்களைப் பேச வைத்தாரா, தவறாகச் சொன்னபோது நடுவில் வெட்டாமல் முடிக்கவிட்டுத் திருத்தினாரா என்று கவனியுங்கள். தயக்கம் போவது இலக்கணம் நிறைவதால் அல்ல. புரியாதபோது என்ன சொல்வது என்று தெரிந்திருப்பதால்தான். 'கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா' என்பதற்கான 'புவேதே ஆப்லார் மாஸ் தெஸ்பாசியோ' போன்ற நாலைந்து வாக்கியங்களை முதல் வாரத்திலேயே நாக்கில் ஏற்றும் ஆசிரியர், வினைச்சொல் அட்டவணையோடு தொடங்கும் ஆசிரியரைவிட உங்கள் கடைக்கு உதவுவார். அவர் சொல்லித்தருவது எந்த நாட்டு உச்சரிப்பு என்றும் கேளுங்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நன்றியைக் 'கிராத்தியாஸ்' என்றும், மெக்சிகோ முதலிய லத்தீன் அமெரிக்க நாடுகளில் 'கிராசியாஸ்' என்றும் சொல்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் இரு தரப்புக்கும் புரியும், ஆனால் உங்கள் காது ஸ்பெயின்காரர்களின் பேச்சுக்குப் பழக வேண்டும்.

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம் நன்றாக வந்த பிறகுதான் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்க்க முடியும் என்றும், அதற்கு முன் 9,000 ரூபாய்க்கு ஆங்கில அடிப்படைப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றும் ஒரு மையத்தில் சொல்கிறார்கள். இது அவசியமா?
— ஒரு தாய், மேலூர்

பதில்: ஸ்பானிஷ் பேசுவதற்காக என்றால் அவசியமில்லை. அந்த மையத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே விளக்கத் தெரிந்த ஆசிரியர் இருக்கிறார் என்பது அவர்களுடைய குறை. அதற்கான செலவை உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

உண்மையில் சில இடங்களில் தமிழிலிருந்து நேராகப் போவதே சுருக்கு வழி. வினையின் ஈற்றிலேயே பேசுபவர் யார் என்று தெரிந்துவிடுவதால், 'பேசுகிறேன்' என்பதில் 'நான்' தேவைப்படாதது போல ஸ்பானிஷிலும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. 'எனக்குப் பிடிக்கும்' என்று நாம் சொல்லும் அமைப்பு அங்கும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள்தாம் அதில் தடுமாறுகிறார்கள். நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் உண்டு. உயிரொலிகள் ஐந்தே, நம் 'ஞ'வும் இருக்கிறது. 'அது' என்னும்போது நம் 'த' ஒலி மெலிவது போலவே அங்கும் உயிர்களுக்கு நடுவில் வரும் அதையொத்த ஒலி மெலிகிறது.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று உயிரற்றவற்றுக்கும் பால் வகுப்பதும், 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு தனி வினைச்சொற்கள் வைத்திருப்பதும் ஆங்கிலம் தெரிந்தவருக்கும் புதியவையே. ஆகவே அந்த 9,000 ரூபாயை, தமிழில் விளக்கக்கூடிய ஆசிரியரை இணையவழியில் தேடிச் செலவிடுங்கள். மகள் ஆங்கிலம் கற்பது நல்லதுதான். அது வேறு செலவு, வேறு முடிவு.

கேள்வி: ஆறு மாத ஸ்பானிஷ் பயிற்சிக்கு 32,000 ரூபாய் கட்டினேன். இரண்டு மாதத்தில் ஆசிரியர் விலகிவிட்டார். அதன்பின் பழைய காணொளிகளை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். பணத்தைக் கேட்டால் 'கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது' என்ற விதியைக் காட்டுகிறார்கள். ரசீதும் தரவில்லை. பாதித் தொகை, அவர்களே ஏற்பாடு செய்த தவணைக் கடன். நான் என்ன செய்யலாம்?
— தனியார் நிறுவன ஊழியர், திருமங்கலம்

பதில்: நேரடி உரையாடல் வகுப்புக்கு வாங்கிய பணத்துக்குக் காணொளியைக் கொடுப்பது சேவைக் குறைபாடு. ஒப்புக்கொண்ட சேவையை அவர்களே நிறுத்திவிட்ட பிறகு, 'திருப்பித் தரப்படாது' என்ற ஒற்றை வரி அவர்களைக் காப்பாற்றிவிடாது. குறையுள்ள சேவைக்குப் பெற்ற தொகையை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், அப்படி எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திருப்பித் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீது தராததும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

பல்கலைக்கழகங்களுக்கு எதிரான வழக்குகளில் 'கல்வி என்பது சேவையா' என்ற கேள்வி எழுவதும், சேவையல்ல என்று அவற்றுக்கு விலக்கு கிடைப்பதும் உண்டு. பயிற்சி மையங்கள் அந்த விலக்குக்குள் வாரா, அவற்றின் மீதான புகாரை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் ஒரு தீர்ப்பில் தெளிவாக்கியிருக்கிறது.

நடக்காத நான்கு மாதங்களுக்கான தொகையைக் குறிப்பிட்டு, 15 நாள் கெடு வைத்து, மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் கடிதம் அனுப்புங்கள். ரசீது இல்லாவிட்டாலும் யுபிஐ பரிமாற்றப் பதிவும், வங்கிக் கணக்கு விவரமும், வாட்ஸ்அப் உரையாடல்களும் சான்றுகளே. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுகின்றன. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்களே, வழக்கறிஞர் இன்றியும், மனு கொடுக்கலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்ற முறையில் மதுரையிலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுக் கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

தவணை விஷயத்தில் மட்டும் கோபத்தில் முடிவெடுக்காதீர்கள். கடன் கொடுத்தது வேறொரு நிதி நிறுவனம் என்பதால், தவணையை நிறுத்தினால் உங்கள் கடன் மதிப்பெண்தான் கெடும். வகுப்பு நின்றுபோனதை அந்த நிதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, ஆணையத்தில் மனு செய்யும்போது அதையும் எதிர்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைபேசிச் செயலியில் ஸ்பானிஷ் கற்கத் தொடங்கி, இரண்டே வாரத்தில் விட்டுவிட்டேன். செயலியை நீக்கிய பிறகும் ஆண்டுச் சந்தா பிடித்துவிட்டார்கள். எப்படி?
— கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியிலோ, யுபிஐ செயலியின் தானியங்கிப் பணம் செலுத்தும் பகுதியிலோ போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இத்தகைய தானியங்கிப் பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வந்திருக்க வேண்டும். குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் வங்கியில் புகார் செய்யுங்கள். வந்திருந்தாலும், பிளே ஸ்டோரில் பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தை இன்றே அனுப்பிவிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்க வாய்ப்புக் குறையும்.

கேள்வி: ஸ்பானிஷ் தெரிந்தால் தகவல் தொழில்நுட்ப வேலையில் கூடுதல் வாய்ப்பு என்கிறார்கள். 'சர்வதேச அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்' தருவதாகச் சொல்லும் மையத்துக்கு அதிகக் கட்டணம் கொடுக்கலாமா? படிக்க நல்ல புத்தகம் ஏதும் வாங்கலாமா?
— பொறியியல் பட்டதாரி, அண்ணா நகர், மதுரை

பதில்: யார் அங்கீகரித்தது என்று கேளுங்கள். மையம் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழுக்குக் கூடுதல் கட்டணம் கொடுப்பதில் பொருளில்லை. உலகெங்கும் பரவலாக ஏற்கப்படுவது 'தெலே'. ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரால் செர்வாந்தேஸ் நிறுவனம் வழங்கும் அந்தச் சான்றிதழ் காலாவதியாவதில்லை. இன்னொன்றான 'சியேலே'வுக்கு ஐந்து ஆண்டுச் செல்லுபடி. இரண்டையும் எழுத, குறிப்பிட்ட மையத்தில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செர்வாந்தேஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளை புது தில்லியில் இருக்கிறது; தேர்வு மையங்களையும் தேதிகளையும் அதன் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்க நிலையான ஏ1 முதல் இடைநிலையான பி2 வரையிலான தெலே தேர்வுகளில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் மற்றொரு தொகுதி. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 தனித்தனியே எடுத்தாக வேண்டும். எழுத்தில் 50 வாங்கினாலும் பேச்சுத் தொகுதியின் குறையை அது ஈடுகட்டாது. ஆகவே சான்றிதழுக்காகப் படிப்பவரும், முதல் பதிலில் போட்ட பேச்சு நிமிடக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புத்தகத்தைப் பொறுத்தவரை, ஸ்பானிஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சிட்டிருப்பவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எடைக்கான சொல்லும் முத்தத்துக்கான சொல்லும் நம் எழுத்தில் ஒன்றுபோல 'பேசோ' என்றே வரும். முன்னது வல்லொலியில் தொடங்குவது, பின்னது மெல்லத் தொடங்குவது. காதால் கேட்டால் தவிர இந்த வேறுபாடு பிடிபடாது, வேலை நேர்காணலில் மாற்றிச் சொல்லிவிடவும் கூடாது. நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஏதும் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். விலைக்கு வாங்குவதானால், ஒலிக்கோப்புக்கான இணைப்பு இன்னும் இயங்குகிறதா என்று கடையில் நிற்கும்போதே கைபேசியில் திறந்து கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.