யாரை முதலில் பார்ப்பது? வார்டுச் செவிலியர்களின் கேள்விகளும் பதில்களும்

மழை தொடங்கிவிட்டால் மும்பை மருத்துவமனைகளில் கட்டில்களுக்கு நடுவே தரையிலும் படுக்கை விழும். இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அந்த நெருக்கடியிலிருந்து எழுந்தவை.

கேள்வி (செம்பூர்): காலை டியூட்டி ஏற்கும்போதே நான்கு பேர் காத்திருக்கிறார்கள். நேற்று மாலை தைராய்டு அறுவை முடிந்த பெண், கழுத்துக் கட்டு இறுக்குவதாகச் சொல்கிறார். கட்டுத் துணியில் ரத்தக் கறை இல்லை. குடலிறக்க அறுவை செய்தவர் வலியில் கத்துகிறார். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ஏழு மணிக்கே இன்சுலின் போட்டாயிற்று, உணவு வண்டி வரவில்லை. டெங்கு இளைஞனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதென்று அவன் அம்மா மகிழ்கிறார். எந்த வரிசையில் போவது?

பதில்: தைராய்டு அறுவை முடிந்தவரிடம் போங்கள். கட்டு நனையவில்லை என்பதை நம்பாதீர்கள். ரத்தம் உள்ளேயே தேங்கலாம். கழுத்துக்குள் இடம் குறைவு. தேங்கிய ரத்தம் அழுத்த அழுத்தக் குரல்வளை வீங்கி மூச்சுவழி அடைபடும். கழுத்து பருத்திருக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, மூச்சில் சீழ்க்கை கேட்கிறதா என்று பாருங்கள். பிடரிப் பக்கமும் கைவைத்துப் பாருங்கள். கசிந்த ரத்தம் அங்கே வழிந்திருக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, அறுவை மருத்துவரையும் மயக்க மருத்துவரையும் உடனே அழையுங்கள். தையல் பிரிக்கும் கருவிகள் கட்டிலருகிலேயே இருக்க வேண்டும். மூச்சு திணறினால் மருத்துவர் அங்கேயே தையலைப் பிரிக்க நேரும். ஆபரேஷன் தியேட்டர் வரை போக அவகாசம் இருக்காது. ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், அந்த எண் கடைசியில்தான் இறங்கும்.

அங்கே நிற்கும்போதே மாணவியைக் குளுக்கோமீட்டருடன் சர்க்கரை நோயாளியிடம் அனுப்புங்கள். ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, அவர் விழிப்போடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நரம்புவழி டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் திரவம்)தான்.

அடுத்து டெங்கு. அம்மாவின் மகிழ்ச்சியில் பங்குகொள்ள அவசரப்பட வேண்டாம். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான், பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிகிறது. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இருக்கின்றனவா என்று கேளுங்கள். பி.பி. 100/80 என்பது எழுதிப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் டெங்குவில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 ஆகச் சுருங்கினால் அது அதிர்ச்சி நிலையின் (ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை) அடையாளம். வீட்டார் தட்டணுக்களையே எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறுகிறதா என்று நீங்கள் பாருங்கள்.

கத்துபவர் கடைசியில். கத்த முடிகிறதென்றால் மூச்சுவழி திறந்திருக்கிறது என்று பொருள். ஆனாலும் போகிற வழியில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். இந்த அறுவைக்குப் பின் சிறுநீர் தேங்குவது உண்டு; வலி ஊசியைவிடக் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) அவருக்கு ஆறுதல் தரலாம்.

கேள்வி (டோம்பிவிலி): நைட் டியூட்டியில் ஒரு நோயாளி சரியில்லை என்று தோன்றியது. மருத்துவரிடம் போனில் சொன்னேன். பி.பி. 110/70 என்றதும் 'நார்மல்தானே' என்று வைத்துவிட்டார்.

பதில்: தோன்றுகிறது என்று மட்டும் சொன்னால் அப்படித்தான் பதில் வரும். மூச்சை எண்ணினீர்களா? முழுதாக ஒரு நிமிடம்? நம் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் வார்டு முழுக்க எல்லோரும் நிமிடத்துக்குச் சரியாக 20 முறை மூச்சு விடுகிறார்கள். என்ன ஒற்றுமை! பி.பி. வெகுநேரம் தாக்குப்பிடிக்கும், மூச்சும் நாடியும் அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருக்கும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 (NEWS2) என்ற, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் மதிப்பீட்டில் மூச்சு 25ஐத் தொட்டாலே 3 புள்ளி, புதிதாகக் குழம்பிப் பேசினாலும் 3 புள்ளி. மொத்தம் 7 ஆனால் அவசரம்.

அடுத்த முறை இப்படிச் சொல்லுங்கள்: "கட்டில் 14, நிமோனியா, இரண்டாம் நாள். பத்து மணிக்கு மூச்சு 18, இப்போது 28. நாடி 92இலிருந்து 118. நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 60 மில்லிதான். நேரில் வந்து பாருங்கள்." இதன் பிறகும் வரவில்லையென்றால், நேரம் குறித்து எழுதிவைத்துவிட்டு அவருக்கு மேலுள்ளவரை அழையுங்கள். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

கேள்வி (வாஷி): நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து 2.9. 'கே.சி.எல். (பொட்டாசியம் குளோரைடு) ஓர் ஆம்பூல்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

பதில்: எதில் கரைப்பது, எவ்வளவு நேரத்தில் ஏற்றுவது என்று எழுதி வாங்காமல் ஆம்பூலை உடைக்காதீர்கள். நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் (mEq) என்பதே வழக்கமான வேகம். சிறுநீர் போகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி (சயான், மாணவி): அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ் (NCLEX) தேர்வுக்குப் படிக்கிறேன். முன்னுரிமைக் கேள்விகளில் எல்லாமே அவசரமாகத் தெரிகின்றன.

பதில்: 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவம், அறிகுறியைக் கண்டுகொள்வது தொடங்கி விளைவை மதிப்பிடுவது வரை ஆறு படிகளில் உங்கள் தீர்மானத்தைச் சோதிக்கிறது. எண்ணைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். இவருக்கு இது புதிதா என்று கேளுங்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு ஆக்சிஜன் 89 என்பது பெரும்பாலும் அவருடைய இலக்கான 88 முதல் 92க்குள் அடங்கும். நேற்று 97 இருந்து இன்று 91க்கு இறங்கிய அறுவை நோயாளியிடம்தான் முதலில் ஓட வேண்டும்.

கேள்வி (தாராவி): அப்பாவுக்கு டிரிப் பாட்டில் காலியாகி அரை மணி நேரம் ஆயிற்று. மூன்று முறை கூப்பிட்டும் சிஸ்டர் வரவில்லை. காற்று ஏறிவிடாதா?

பதில்: மேலிருந்து தானாக இறங்கும் டிரிப்பில் பாட்டில் தீர்ந்ததும் திரவம் பொதுவாகக் குழாயிலேயே நின்றுவிடும். ரத்தம் பின்னேறி ஊசி அடைபடலாம்; அதனால் மௌசியிடமாவது (வார்டு ஆயா) சொல்லி அனுப்புங்கள், குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை நீங்களாகத் திருக வேண்டாம். அப்பா குழறிப் பேசினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, எழுப்பினால் கண் திறக்காவிட்டாலோ அதை முதலில் சொல்லுங்கள். செவிலியர் கைவேலையை விட்டு வருவார். அவர் தேங்கிய மழைநீரில் நடந்தவரா? காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு உண்டா? இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இவை எலிக்காய்ச்சலின் அடையாளங்களாக இருக்கலாம், அது சிறுநீரகத்தைத் தாக்கும். அவர் சிறுநீரை அளவுக் குடுவையில் பிடித்து, செவிலியர் குறித்துக்கொண்ட பிறகே கொட்டுங்கள்.