மே தினம் பிறந்த அமெரிக்காவிலேயே தொழிலாளர் தினம் ஏன் செப்டம்பரில் வருகிறது?

செப்டம்பர் தேதிதான் மூத்தது. 1882 செப்டம்பர் 5, செவ்வாய்க்கிழமை. நியூயார்க்கில் மத்திய தொழிற்சங்கம் ஊர்வலத்துக்கு அழைப்பு விட்டிருந்தது. விடுமுறை கிடையாது, வருபவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். காலையில் கூட்டமே சேரவில்லை, பேண்டு வாத்தியமும் இல்லை. பக்கத்து நியூவார்க்கிலிருந்து நகைத் தொழிலாளர்கள் வாத்தியத்தோடு வந்து இறங்கிய பிறகுதான் ஊர்வலம் களைகட்டியது. மாலையில் பூங்காவில் குடும்பத்தோடு சாப்பாடு, பீர், பேச்சு.

இந்த நாளை விடுமுறையாக்கி 1887-இல் ஓரிகன் மாநிலம் முதலில் சட்டம் போட்டது. தேசிய விடுமுறையானது 1894-இல். அது சும்மா வரவில்லை. சிகாகோ அருகே புல்மன் ரயில்பெட்டி நிறுவனம் கூலியைக் குறைத்தது. ஆனால் தன் குடியிருப்புகளின் வாடகையில் ஒரு காசு குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் ரயில்பாதைகள் நெடுகப் பரவியது. ஜூன் 28-இல் அதிபர் குரோவர் கிளீவ்லாந்து விடுமுறைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மை காய்வதற்குள், ஜூலைத் தொடக்கத்தில், அதே வேலைநிறுத்தத்தை உடைக்க ராணுவத்தை அனுப்பினார்!

மே 1-ஐயோ, 1886 சிகாகோ போராட்டத்தின் நினைவாக 1889-இல் பாரிஸில் கூடிய சர்வதேச சோசலிஸ்ட் மாநாடு அறிவித்தது. அந்தப் போராட்டத்தையொட்டி சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த குண்டுவெடிப்பும், அதற்காகத் தொழிலாளர் தலைவர்களுக்கு நிறைவேற்றப்பட்ட தூக்குத்தண்டனைகளும் கலந்த அந்தத் தேதியை அமெரிக்க ஆட்சியாளர்கள் விரும்பவில்லை. ஊர்வலமும் விருந்துமாக இருந்த செப்டம்பர் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று என்பதே என் கணிப்பு.

செப்டம்பர் தொழிலாளர் தின யோசனை யாருடையது என்பதில் இன்றும் இழுபறி: தச்சர் சங்கத்தின் பீட்டர் மெக்குவயரா, இயந்திரத் தொழிலாளி மாத்யூ மகுவயரா?