டார்கெட் ஏறினால் ஆள் வருவதில்லையே!

கேள்வி: பனியன் கம்பெனியில் 30 டெய்லர்கள் உள்ள லைனுக்கு சூப்பர்வைசர் நான். டார்கெட்டை ஏற்றினால் மறுநாள் ஐந்தாறு பேர் வருவதில்லை. ஊக்கத்தொகை அறிவித்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: சுமை மட்டும் ஆளை விரட்டுவதில்லை. சுமை கூடி, தன் வேலையில் தனக்கே பிடி இல்லாமல் போவதுதான் விரட்டுகிறது. வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-லேயே சொன்னது இது.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு டி-சர்ட்டுக்கு 10 நிமிடத் தையல் என்றால் 30 பேருக்கு மணிக்கு 180 பீஸ். அது காகிதக் கணக்கு! புது ஸ்டைல் இறங்கிய அன்று பாதி வந்தாலே பெரிது. அன்றைக்கே போர்டில் 150 என்று எழுதினால் மதியத்துக்குள் கைவிட்டுவிடுவார்கள்.

அடுத்து, பண்டில் (தைக்க வரும் துணிக் கட்டு) எங்கே தேங்குகிறது? கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) ஏற்றும் இடத்தில் என்றால், அங்கே நின்று கத்தாமல் இன்னொரு ஓவர்லாக் மெஷின் போடுங்கள். மெஷின் மக்கர் செய்து மெக்கானிக் வர 20 நிமிடமானால், அந்த நேரத்தை டார்கெட்டில் கழித்து, கழித்ததையும் போர்டில் எழுதுங்கள். இதைச் செய்யாத லைனில் ஊக்கத்தொகை எடுபடாது.

ஆல்ட்டர் பீஸை, அதாவது தையல் பிசகித் திரும்பி வந்த பீஸை, எல்லோர் முன்னும் தூக்கிக் காட்டாதீர்கள். மெஷினுக்கே போய், தையல் பிசகிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.