கூந்தலில் பஞ்சும் தூசியும்: பர்ஸைத் திறக்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: இடுப்பு வரை முடி இருக்கிறது. தலைக்குக் குளித்த மறுநாளே நுனிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பிசிறு ஒட்டிக்கொள்கிறது. கறுப்பு முடி என்பதால் பளிச்சென்று தெரிகிறது. அடிக்கடி ஷாம்பு போட்டும் பயனில்லை. ‘தூசி ஒட்டவிடாத ஸ்பிரே’ என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பிசிறு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஒட்டியிருப்பதில் நாலைந்தை எடுத்து ஓர் அடர்நிறத் தாளின் மேல் வைத்து, வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். சுருண்ட மெல்லிய இழையாக இருந்தால் அது துணியிலிருந்து வந்தது. அதன் நிறத்தை உங்கள் துண்டு, தலையணை உறை, போர்வை, ஸ்வெட்டர் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஆள் அகப்பட்டுவிடும். சாம்பல் நிறத்தில் மெத்தென்று உருண்டையாக வந்தால் அது உங்கள் பிரஷிலிருந்து வந்தது.

நுனியில் மட்டும் ஏன் இவ்வளவு? தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்கிறது. அப்படியானால் 70 செ.மீ. கூந்தலின் நுனிக்கு ஏறக்குறைய 5 வயது. முடியின் மேல்பரப்பு ஓட்டுக்கூரை மாதிரி, வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியது. இத்தனை வருடம் வாரி, கழுவி, வெயிலில் காய்ந்த நுனியில் அந்தச் செதில்கள் தேய்ந்து தூக்கிக்கொண்டிருக்கும். பஞ்சு இழை அதில் மாட்டினால் லேசில் விடாது. போதாததற்கு, வறண்ட முடி சீப்பிலும் துணியிலும் உரசும்போது மின்னேற்றம் ஏறி, பக்கத்தில் பறக்கும் இழைகளைத் தன்பக்கம் இழுக்கும். அடிக்கடி ஷாம்பு போடுவதால் நுனி இன்னும் வறண்டு போகிறது. நீங்கள் ஒட்டாமலிருக்கச் செய்வதே ஒட்டுவதற்கு வழி செய்கிறது.

ஷாம்புவை உச்சந்தலையோடு நிறுத்துங்கள். அலசும்போது வழியும் நுரையே நுனிக்குப் போதும். கண்டிஷனரைக் காதுக்குக் கீழே தொடங்கி நுனிவரை தடவுங்கள். பின்பக்க லேபிளில் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இவை முடியில் படிந்து மின்னேற்றத்தைக் குறைப்பவை. டைமெத்திக்கோன் என்ற சிலிக்கோன் செதில்களின் மேல் வழுவழுப்பாகப் படியும். அந்த ஸ்பிரேயின் லேபிளையும் புரட்டிப் படியுங்கள். இதே வகைப் பொருள்கள்தான் இருக்கின்றன என்றால், வீட்டில் இருக்கும் கண்டிஷனர் செய்கிற வேலைக்குத் தனியாக ஒரு பாட்டிலுக்குப் பணம் தர வேண்டாம்.

கழுவாமல் அப்படியே விடுகிற சீரம், எண்ணெய் என்றால் சில சொட்டுகள் மட்டும். விரலால் தொட்டால் பிசுக்கென்று இருக்கும் முடியில் தெருத்தூசி வந்து உட்காரத்தான் செய்யும்.

கேள்வி: என் பிரஷின் அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படிகிறது. முடியை எடுத்துவிட்டாலும் அது போவதில்லை. பிரஷையே மாற்றிவிடலாமா? எந்த மாதிரி பிரஷ் நல்லது?

பதில்: மாற்ற வேண்டாம், கழுவுங்கள். இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன். நீண்ட முடிக்காரர்களின் பிசிறுத் தொல்லையில் பெரும்பங்கு இந்தச் சாம்பல் படிவால் வருவது என்பது என் உறுதியான எண்ணம்.

உதிர்ந்த தோல் துகள், தலையில் சுரக்கும் எண்ணெய், ஷாம்பு, சீரம் போன்றவற்றின் மிச்சம், துணி இழை, வீட்டுத் தூசி, எல்லாம் கலந்து அப்பியதுதான் அது. நீங்கள் முடியிலிருந்து எடுத்த அழுக்கு பிரஷில் தங்குகிறது. அடுத்த முறை சுத்தமான முடியில் அதே பிரஷை இழுக்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பத் தலைக்கே போகிறது. அப்புறம் என்ன விலை ஷாம்பு வாங்கி என்ன?

ஒவ்வொரு முறை வாரியதும் சிக்கிய முடியை எடுத்துவிடுங்கள். ஒரு சீப்பின் கூரான வாலைப் பற்களின் அடியில் விட்டு நெம்பினால் பாய் மாதிரி எழும்பி வரும். வாரம் ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, பழைய டூத்பிரஷால் வரிசை வரிசையாகத் தேயுங்கள். முழுவதும் பிளாஸ்டிக் என்றால் கொஞ்ச நேரம் ஊறவும் விடலாம். ரப்பர் மெத்தை உள்ள பிரஷையும் மரப் பிரஷையும் ஊறப்போடாதீர்கள். மெத்தையில் உள்ள சிறு துளை வழியாக நீர் உள்ளே போய்த் தங்கிவிடும், மரம் வெடிக்கும். பற்கள் கீழே பார்க்கும்படி துண்டின்மேல் கவிழ்த்துக் காயவையுங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் ‘இதைக் கழுவ முடியுமா?’ என்பதையே முதல் கேள்வியாக வையுங்கள். பன்றி மயிர் நெருக்கமாக வைத்த பிரஷ் எண்ணெயை வேரிலிருந்து நுனிவரை பரப்பும், மேலாக ஒட்டிய தூசியையும் எடுத்துவிடும். ஆனால் அதைச் சுத்தமாக வைப்பது பெரிய வேலை. அந்த நேரம் இல்லாதவர்கள் அகலப் பல் சீப்போடு நிற்பது நல்லது. சீப்பு வாங்கும்போது பற்களின் இடுக்கில் நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். அச்சில் வார்த்த மலிவுச் சீப்பில் நடுவே ஒரு மெல்லிய விளிம்பு தட்டுப்படும். ஒவ்வொரு வாருதலிலும் அது செதில்களைச் சுரண்டும். நகம் எங்கும் தடைபடாமல் வழுக்கிக்கொண்டு போனால் அந்தச் சீப்பை வாங்கலாம்.

கேள்வி: முடி துவட்ட மைக்ரோஃபைபர் துண்டு வாங்கினேன். பிசிறு குறையும் என்றார்கள், அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: துண்டைக் குறை சொல்வதற்கு முன், அதை எதோடு சேர்த்துத் துவைத்தீர்கள் என்று யோசியுங்கள். பருத்தித் துண்டுகளோடு என்றால் விஷயம் அங்கேதான். மைக்ரோஃபைபர் இழை மிக நுண்ணியது. தூசி துடைக்கும் துணிகள் அதில் செய்யப்படுவதே எதையும் பிடித்துக்கொள்ளும் குணத்துக்காகத்தான். வாஷிங்மெஷினில் பருத்தி உதிர்க்கும் பஞ்சையெல்லாம் அது வாரிக்கொண்டு, பிறகு ஈர முடியில் கொண்டுவந்து தேய்க்கிறது. அதைத் தனியாகத் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள்; அது இழைமேல் படிந்து நீர் உறிஞ்சுவதைக் குறைக்கும். மெஷினின் பஞ்சு வடிகட்டி நிரம்பியிருந்தாலும் பஞ்சு திரும்பத் துணிக்கே வரும். துவைக்கப் போடும் உடையின் பையில் ஒரு டிஷ்யூ தாள் மறந்து கிடந்தால் போதும், அன்றைய துணி அத்தனையிலும் வெள்ளைத் துகள்தான்.

பருத்தித் துண்டே பிடிக்கும் என்பவர்கள் புதுத் துண்டை ஓரிரு முறை தனியாகத் துவைத்த பிறகு தலைக்குப் பயன்படுத்துங்கள். நெய்யும்போது தங்கிய தளர்ந்த இழைகள் முதல் சில துவைப்புகளில்தான் அதிகம் உதிரும். கடையில் சோதிக்க எளிய வழி உண்டு: அடர்நிற உடை அணிந்து போய், துண்டின் ஓரத்தைக் கைச்சட்டையில் பத்துத் தடவை தேயுங்கள். என்ன ஒட்டுகிறதோ அதுவே உங்கள் தலையிலும் ஒட்டும்.

செலவே வேண்டாம் என்றால் பலமுறை துவைத்த பழைய பருத்தி டி-ஷர்ட் அருமையான துண்டு. உதிர வேண்டியதெல்லாம் ஏற்கெனவே உதிர்ந்திருக்கும். எதில் துவட்டினாலும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: பட்டுத் தலையணை உறைக்கும் சாட்டின் உறைக்கும் விலையில் பெரிய வித்தியாசம். பட்டுதான் வேண்டுமா?

பதில்: பிசிறு ஒன்றுதான் கவலை என்றால் வேண்டியதில்லை. சாட்டின் என்பது நெசவு முறை. பட்டிலும் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். இரண்டிலும் நூல் நீளமான தொடர் இழை என்பதால் பருத்தியைப் போலத் துண்டு துண்டாக உதிர்வதில்லை. பாலியஸ்டர் வறண்ட காற்றில் மின்னேற்றத்தைக் கூட்டும், அது ஒன்றுதான் குறை. விளம்பரத்தில் ‘பட்டுப்போல்’ என்று இருந்தால் உள்ளே தைத்த லேபிளில் இழையின் பெயரைப் பாருங்கள். பட்டின் விலை கொடுத்து பாலியஸ்டர் வாங்குவதுதான் உண்மையான நஷ்டம். எந்த உறையானாலும் சடையைத் தளர்வாகப் பின்னிக்கொண்டு படுத்தால் தொல்லை பாதியாவது குறையும். கம்பளி, ஃப்ளீஸ், அக்ரிலிக் ஸ்வெட்டர் போடும் நாளிலும் முடியை விரித்துவிடாமல் பின்னலாகவோ கொண்டையாகவோ தூக்கிக் கட்டுங்கள். பிடரியில் காலர் உரசும் இடத்தில்தான் பிசிறும் சிக்கும் சேர்ந்து உருள்கின்றன.

கேள்வி: துணியில் பிசிறெடுக்கும் பசை உருளையை முடியில் ஓட்டலாமா?

பதில்: கூடாது. பசை முடியையும் சேர்த்து இழுக்கும், கொஞ்சம் தங்கவும் செய்யும். முடி காய்ந்திருக்கும்போது முதலில் சிக்கெடுத்து, விரலகலப் பகுதிகளாகப் பிரித்து, நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பை மேலிருந்து நுனிக்கு மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை ஈரத் துணியில் துடையுங்கள். சிக்கு இருக்கும்போது இதைச் செய்தால் முடிதான் அறுந்து வரும்.

கேள்வி: மகளின் தலையில் வெள்ளைப் புள்ளிகள். பஞ்சா, ஈரா என்று தெரியவில்லை. பேன் மருந்து வாங்கிவிடட்டுமா?

பதில்: ஒரு புள்ளியை விரலால் இழுத்துப் பாருங்கள். பஞ்சும் பொடுகும் சுலபமாக வந்துவிடும். ஈர் முடியோடு பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும், நகத்தால் நெருடினால்தான் நகரும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும், உச்சந்தோலை ஒட்டிய இடத்தில் தேடுங்கள். ஓடும் பேன் ஒன்றையாவது கண்ணால் பார்க்காமல் குழந்தையின் தலையில் மருந்து தடவாதீர்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: ஹேர் டிரையர் போட்டால் கருகல் வாடை வருகிறது. புதிது வாங்க வேண்டுமா?

பதில்: உடனே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிடுங்கள். காற்று உள்ளே போகும் பின்பக்க வலையைப் பாருங்கள். அதில் பஞ்சும் முடியும் அடைத்தால் காற்றோட்டம் குறைந்து உள்ளே சூடேறும், உள்ளே போன பஞ்சும் கருகும். பல மாடல்களில் அந்த மூடியைத் திருகிக் கழற்றலாம். உலர்ந்த டூத்பிரஷால் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் வாடை வந்தால் அந்த டிரையரை மறுபடி பயன்படுத்தாதீர்கள். புதிது வாங்கும்போது வடிகட்டி கழற்றக்கூடியதா என்று கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.