உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஜூனியர் ஐஸ் ஹொக்கி அணி தொடங்குகிறார்கள், நானும் பணம் போடலாமா?

கொழும்பில் நாங்கள் ஐஸ் கட்டியை அதிகம் பார்ப்பது மீன் கடையில்தான். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இதற்குப் பதில் எழுதக் காரணம் உண்டு. கனடாவில் இருக்கும் அத்தான் போன வருடம் இதே கேள்வியை என்னிடம் கேட்டார். அவருடைய ஊரில் கடை, கராஜ் என்று வைத்திருக்கும் ஐந்து பேரோடு சேர்ந்து அணி தொடங்க யோசனை. "தம்பி, நீர் கணக்குப் பார்க்கிற ஆள்தானே, இதை ஒருக்காப் பாரும்" என்று எக்செல் தாள் ஒன்றை அனுப்பினார். நான் வெள்ளவத்தையில் ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஹொக்கி தெரியாது, செலவுப் பட்டியல் தெரியும்.

முதல் வரியே ஐஸ். 200 அடி நீளம், 85 அடி அகலம், கனம் ஓர் அங்குலம், கொஞ்சம் கூடக் குறைய. அந்த ஓர் அங்குலத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, ஆட்டத்துக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு பயிற்சிக்கும். 2022 ஓகஸ்ட்டில் இங்கே மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியபோது, குளிர் அறை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர் பேச்சே இல்லாமல் பில்லை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்தார். அந்த ஞாபகத்தில் கேட்டேன், "அரங்கின் கரண்ட் பில் ஏறினால்?" "அது நகரசபையின் அரங்கு, எங்களுக்கு வாடகை மட்டும்தான்" என்றார். வாடகை ஏறாதா என்றதற்கு வீடியோவில் தலையைச் சொறிந்தார்.

சரி, வரவுப் பக்கம். டிக்கெட், அரங்கைச் சுற்றியுள்ள பலகைகளில் விளம்பரம், எல்லாம் சில்லறை. பாதிக்கு மேல் ஒரே வரியில் இருந்தது: பிள்ளைகளின் பெற்றோர் கட்டும் கட்டணம். ஜூனியர் என்றால் பெரும்பாலும் 16 முதல் 20 வயது. ஆனால் அந்த ஒரே பெயருக்குள் பல படிகள். அமெரிக்காவில் யூ.எஸ்.எச்.எல்., என்.ஏ.எச்.எல். என்ற மேல்படி ஜூனியர் லீக்குகள் இரண்டிலும் ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. அதற்குக் கீழ்ப் படியில் பெற்றோர்தான் கட்டுகிறார்கள். கனடாவின் வெஸ்டர்ன் ஹொக்கி லீக்கில் தலைகீழ். அங்கே ஒரு சீசன் ஆடியவனுக்கு ஒரு வருடப் படிப்புக்கு உதவித்தொகை உண்டு.

"இது அணி இல்லை அத்தான், ரியூசன் கிளாஸ்" என்றேன். ரியூசன் நடத்துவது பிழையில்லை. ஆனால் நாலு பிள்ளைகள் பாதியில் நின்றாலும் பஸ்ஸுக்கு அதே வாடகைதான். அதனால் எந்தப் படி, லீக்குக்குக் கட்டும் உரிமக் காசு எவ்வளவு, அணி கலைந்தால் அது திரும்புமா என்று முதலில் கேளுங்கள்.

ஊரே நடத்தும் அணிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. கனடாவின் கிச்சனர் ரேஞ்சர்ஸ் ஜூனியர் அணி சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கே சொந்தம். 17 ஆயிரம் பேர்கூட இல்லாத ஸ்விஃப்ட் கரன்ட் என்ற கனடிய ஊரின் பொது அணி 2018-ல் வெஸ்டர்ன் லீக் கிண்ணத்தையே தூக்கியது. ஆனால் அங்கெல்லாம் மிஞ்சுவது கழகத்துக்கே போகும், யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன்: "இது சீட்டா, உபயமா?" சீட்டென்றால் கழிவு எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்று துருவ வேண்டும். ஆடிவேலுக்கு உபயம் கொடுத்தவர் வட்டி கேட்பதில்லை, நோட்டீஸில் பெயர் வந்தால் போதும். அத்தான் கொஞ்ச நேரம் யோசித்து "உபயம்தான்" என்றார். மூன்று பங்கு போட இருந்தவர் ஒரு பங்கோடு நிறுத்தினார், வீட்டை அடகு வைக்கும் கதையும் போனது.

அப்புறம், வெளியூர்ப் பையன்களை உள்ளூர் வீடுகளில் தங்கவைப்பது அங்கே வழக்கம். அக்கா வீட்டுக் கீழறை ஒருவனுக்கு என்று முடிவாகிவிட்டது. தாளில் இதற்கு வரியே இல்லை. போன கிழமை அக்கா போனில் என்னிடம் கேட்டது, ஆறடிப் பையன் காலையில் எத்தனை முட்டை தின்பான் என்று.