டீலர்ஷிப் கைமாறிவிட்டது: புது டிராக்டரை யாரிடம் வாங்குவது?

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே 9 ஏக்கரில் குறுவையும் சம்பாவும் சாகுபடி செய்கிறேன். 12 வருடப் பழைய டிராக்டர் ஒன்று இருக்கிறது. என் வயல் வேலை போக வாடகை உழவுக்கும் அனுப்புகிறேன். சீசனில் டீசல், டிரைவர் கூலி போக நாளுக்கு 4,000 ரூபாய் நிற்கும். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வண்டி விற்ற உள்ளூர் டீலர், பிள்ளைகள் யாரும் தொழிலுக்கு வரவில்லை என்று சொல்லி, பல மாவட்டங்களில் ஷோரூம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடம் டீலர்ஷிப்பை ஒப்படைத்துவிட்டார். இப்போது எங்கள் ஊரில் விற்பனைக் கவுன்ட்டர் மட்டுமே இருக்கிறது. சர்வீசுக்கும் உதிரி பாகத்துக்கும் தஞ்சாவூர் போக வேண்டும். புதிய நிறுவனம் 55 ஹெச்.பி. வண்டிக்கு 9,00,000 ரூபாய் கேட்கிறது. அவர்கள் காட்டும் நிதி நிறுவனத்தில் 14 சதவீத வட்டிக்குக் கடன் எடுத்தால் 30,000 தள்ளுபடி உண்டு. 28,000 ரூபாய்க்கு சர்வீஸ் பேக்கேஜும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என் வங்கி 10 சதவீதத்தில் 7 லட்சம் தரத் தயாராக இருக்கிறது. மன்னார்குடியில் வேறு கம்பெனியின் டீலர் இதே திறனுள்ள வண்டிக்கு 9,15,000 சொல்கிறார். சர்வீஸ் அவரிடமே உண்டு. கைமாறுவதற்கு முன்பு பழைய டீலரிடம் 25,000 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறேன். எது லாபம்?

பதில்: நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட முன்பணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், மற்றவை ஒரு மாதம் காத்திருக்கலாம், அது காத்திருக்காது. ஒரு டீலர்ஷிப் கைமாறும்போது, பழைய நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டிய பணத்தைப் புதிய நிறுவனம் தானாகவே ஏற்றுக்கொள்வதாகப் பொருள் இல்லை. அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்தது, அந்த ஒப்பந்தம் உங்கள் கண்ணில் படப்போவதும் இல்லை. ஆகவே பழைய டீலர் கொடுத்த ரசீதின் நகலை இணைத்து, “இந்தத் தொகை உங்கள் கணக்கில் என் பெயரில் வரவு வைக்கப்பட்டுள்ளதா?” என்று புதிய நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கேளுங்கள். அதன் நகல் பழைய டீலருக்கும், டிராக்டர் கம்பெனியின் மண்டல அலுவலகத்துக்கும் போக வேண்டும். கவுன்ட்டரில் இருக்கும் பையன் “அதெல்லாம் கழித்துக்கொள்ளலாம் ஐயா” என்று சொல்வது கணக்கில் சேராது. எழுத்தில் ஒப்புதல் வராவிட்டால் பணத்தைப் பழைய டீலரிடமே திருப்பிக் கேளுங்கள். நீண்ட காலப் பழக்கம் இருப்பதால் கேட்கத் தயங்குவீர்கள் என்று தெரியும், ஆனால் அவர் கடையின் கணக்கை முடிப்பதற்குள் கேட்பதுதான் இருவருக்கும் நல்லது.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, பழைய டிராக்டரின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்ப்பது. கடனை அடைத்த பிறகும் நிதி நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் அப்படியே நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம், ஏனென்றால் கடன் பாக்கி இல்லை என்று நிதி நிறுவனம் தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து அதன் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-உம் டீலர் கடை அலமாரியிலேயே தங்கிவிட்டிருக்கும். கடை கைமாறிய பிறகு அந்தக் காகிதத்தைத் தேடித்தர யாரும் இருக்க மாட்டார்கள், பெயர் நீக்கப்படாத வண்டிக்கு எக்ஸ்சேஞ்சிலோ வெளிச்சந்தையிலோ சரியான விலையும் வராது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு இருந்தால் அதையும் சரிபாருங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. மூன்று விலைகளை அருகருகே வைத்தால் 8,70,000 தான் குறைவாகத் தெரியும். ஆனால் 7 லட்சம் ரூபாயை 5 ஆண்டு மாதத் தவணையில் அடைப்பதாகக் கொண்டால், 10 சதவீதத்தில் வட்டி மட்டும் சுமார் 1,92,000 ரூபாய். 14 சதவீதத்தில் சுமார் 2,77,000 ரூபாய். 30,000 தள்ளுபடியைப் பெறுவதற்காக 85,000 கூடுதல் வட்டி கட்டுகிறீர்கள். அறுவடையையொட்டி அரையாண்டுத் தவணையாக வைத்தாலும் இந்த வித்தியாசம் குறையாது. அந்த நிதி நிறுவனத்தின் பரிசீலனைக் கட்டணம், ஆவணக் கட்டணம், அவர்களே எடுத்துத் தரும் காப்பீடு ஆகியவை இதற்கு மேல் வரும். 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் எதுவாக இருந்தாலும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, உங்கள் வங்கி தரும் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கடனை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அப்படி விட்டுவிட்டால் தள்ளுபடியும் போய், தஞ்சாவூர் நிறுவனத்தின் விலை 9,00,000, மன்னார்குடி விலை 9,15,000 என்று ஆகிவிடும். உண்மையான இடைவெளி 15,000 ரூபாய் மட்டுமே.

அந்த 15,000 ரூபாயை உங்கள் 4,000 ரூபாயால் வகுத்தால் நான்கு நாளுக்கும் குறைவு. அதாவது, தஞ்சாவூரிலிருந்து மெக்கானிக் வர வேண்டியிருப்பதால் ஐந்து ஆண்டுகளில் மொத்தம் நான்கு சீசன் நாட்கள் வண்டி கூடுதலாக நின்றாலே, மலிவான வண்டி விலை உயர்ந்த வண்டியாகிவிடுகிறது. குறுவை அறுவடை முடிந்து சம்பாவுக்குச் சேறடிக்கும் நாட்களில் அந்த வட்டாரத்தில் உள்ள எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஓடும், எல்லாம் ஒரே வாரத்தில் பழுதாகும், அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பணிமனைக்கு உங்கள் வண்டி வரிசையில் எத்தனையாவது என்பதை யோசித்துப் பார்த்தால் இந்தக் கணக்கு மிகையில்லை என்பது விளங்கும். உங்கள் வயல் உழவு தள்ளிப்போவதால் வரும் இழப்பை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இப்படிச் சொல்வதால் பெரிய நிறுவனங்கள் என்றாலே மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல ஷோரூம் வைத்திருப்பவரிடம் உதிரி பாகக் கையிருப்பு அதிகம். ஒரு கிளையில் இல்லாதது இன்னொரு கிளையில் கிடைக்கும். எலக்ட்ரானிக் பழுதைக் கண்டுபிடிக்கும் கருவியும் அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களும் அவரிடம் இருப்பார்கள். ஒற்றைக் கடை வைத்திருந்த உங்கள் பழைய டீலரால் இந்த முதலீட்டைச் செய்ய முடிந்திருக்காது, டீலர்ஷிப்கள் கைமாறுவதற்கு வாரிசு இல்லாததைப் போலவே இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் இது நெடுநாளாக நடந்துவருகிறது. டிராக்டர் தயாரிக்காமல் விற்பனையும் சர்வீசும் மட்டுமே செய்யும் டைட்டன் மெஷினரி என்ற டீலர் குழுமம் 2007-லேயே பங்குச்சந்தையில் பட்டியலாகும் அளவுக்கு வளர்ந்தது. பழுது பார்க்கும் மென்பொருளை முழுமையாக அங்கீகரிக்கப்பட்ட டீலர்களுக்கு மட்டும் தருகிறது என்று குற்றம்சாட்டி, ஜான் டீர் கம்பெனி மீது அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்கென்று 2023-லேயே சட்டம் இயற்றிவிட்டது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் விவசாயக் கருவிகளும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் அது தகவல் தரும் ஏற்பாடுதான், சட்டம் அல்ல.

உங்களுக்கு இதிலிருந்து வரும் நேரடியான பாடம் ஹெச்.பி.யைப் பற்றியது. 2023 ஜனவரி முதல் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்கள் கடுமையான புகை விதிக்குள் வந்துவிட்டன, அதற்காகப் பெரும்பாலும் கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் எஞ்சின்கள் பொருத்தப்படுகின்றன. 55 ஹெச்.பி. வண்டியில் ஒரு சென்சார் போனால் உங்கள் ஊர் மெக்கானிக் தலையைச் சொறிவார். டீலரின் கருவி வராமல் வேலை நடக்காது. 50-க்குக் கீழ் உள்ள வண்டிகளில் பழைய வகை டீசல் பம்பே பெரும்பாலும் தொடர்கிறது, ஆகவே வாரன்டி முடிந்த பிறகு உள்ளூரிலேயே கைவைக்கலாம். 9 ஏக்கருக்கும், ரோட்டவேட்டரும் கேஜ் வீலும் போட்டு ஓடும் வாடகைச் சேற்றுழவுக்கும் 45 முதல் 50 ஹெச்.பி. போதும் என்பது என் எண்ணம். இரு டீலர்களிடமும் அந்தத் திறனுக்குப் புதிய கொட்டேஷன் கேளுங்கள்; விலையும் இறங்கும், டீலரைச் சார்ந்திருப்பதும் குறையும். கொட்டேஷனில் வரி 5 சதவீதமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5-ஆகக் குறைந்தது.

ஒரே கம்பெனியின் இரண்டு டீலர்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்தபோது ஒருவர் கொட்டேஷனைக் காட்டி இன்னொருவரிடம் பேரம் பேச முடிந்தது. இரண்டு கடைக்கும் ஒரே முதலாளி வந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. எனவே இனி உங்களுக்குப் பேரம் பேச உதவுவது வேறு கம்பெனியின் கொட்டேஷன்தான். அதிலும் கொஞ்சம் கவனம் தேவை. ஸ்வராஜை 2007-ல் மஹிந்திரா வாங்கியது, ஐஷர் டிராக்டரை 2005-ல் சென்னையின் டாஃபே வாங்கியது, ஃபார்ம்டிராக்கும் பவர்டிராக்கும் குபோட்டாவும் இப்போது எஸ்கார்ட்ஸ் குபோட்டா என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. டீலர்கள் வேறாக இருப்பதால் கடை அளவில் போட்டி இருக்கும். ஆனாலும் மூன்று கொட்டேஷன் வாங்கும்போது மூன்றும் வெவ்வேறு உரிமையாளரின் வண்டிகளாக இருக்கட்டும்.

28,000 ரூபாய் சர்வீஸ் பேக்கேஜை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். வாரன்டி என்பது டிராக்டர் கம்பெனி தரும் பொறுப்பு, டீலர் மாறினாலும் அது மாறாது. பேக்கேஜ் என்பது டீலர் தரும் வாக்கு, இந்த டீலரும் நாளை கைமாறலாம். இத்தனை மணி நேரத்துக்குள் மெக்கானிக் வயலுக்கே வருவார், வராவிட்டால் இன்ன தொகை கழிக்கப்படும் என்று தாளில் எழுதித் தருவார்களானால் மறுபடி யோசிக்கலாம். வாரன்டியைப் பொறுத்தவரை, குறித்த மணி நேரத்தில் சர்வீஸ் செய்யவில்லை என்பதே அதை மறுப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆகையால் தூரத்தைக் காரணமாகக் கொண்டு ஒரு சர்வீசைக்கூடத் தள்ளிப்போடாமல், ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் மணிக்கணக்கும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தகராறு வந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். டீலரின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கவலை இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும், கட்டணம் சில நூறு ரூபாய்தான். எதிர்த்தரப்பு, நீங்கள் வாடகைக்கு விடுவதால் வணிக நோக்கம் என்று வாதிடலாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகப் பயன்படுத்துபவர் நுகர்வோரே என்று சட்டம் சொல்கிறது, எனவே உங்கள் நிலத்தின் சிட்டா, அடங்கல் நகல்களை வண்டிக் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய டீலர் உதிரி பாகத்தைக் கடனுக்குக் கொடுத்து, அறுவடைக்குப் பிறகு பணம் வாங்கியிருப்பார்; அது வட்டியில்லாக் கடன். புதிய நிறுவனத்தின் கணினி பணம் கட்டாமல் பில் போடாது. அந்த இடத்தைக் கந்துவட்டி பிடித்துக்கொள்ளாமல் இருக்க வங்கியின் கிசான் கிரெடிட் கார்டைப் பயன்படுத்துங்கள். கார்டின் வரம்பைக் கணக்கிடும்போது பயிர்ச் செலவோடு பண்ணைக் கருவிகளின் பராமரிப்புக்கென்று 20 சதவீதம் சேர்க்க இடமுண்டு. 3 லட்சம் வரையிலான குறுகிய காலக் கடனை நாள் தவறாமல் அடைப்பவர்களுக்கு வட்டி 4 சதவீதத்தில் முடிகிறது. உங்கள் கார்டில் அந்தப் பராமரிப்புத் தொகை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று மேலாளரிடம் கேளுங்கள். டீசல் ஃபில்டர், ஃபேன் பெல்ட், ஹைட்ராலிக் ஹோஸ் போன்று அடிக்கடி போகும் பாகங்களைச் சீசனுக்கு முன்பே வாங்கி வீட்டில் வைத்துவிட்டால் பாதி ஓட்டம் மிச்சம்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், வங்கிக் கடனில், மன்னார்குடி டீலரிடம், 50 ஹெச்.பி.க்குக் குறைந்த வண்டியை வாங்குவேன். முன்பணத்தைப் புதிய நிறுவனம் திருப்பித் தர மறுத்து, வண்டி எடுத்தால் மட்டும் கழித்துக்கொள்வதாகச் சொன்னாலும் அந்த 25,000-க்காக முடிவை மாற்ற மாட்டேன். அதைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். ஒருவேளை புதிய நிறுவனம் திருத்துறைப்பூண்டியிலேயே ஒரு மெக்கானிக்கையும் பாகக் கையிருப்பையும் வைப்பதாக எழுத்தில் தந்து, சீசன் தொடங்கும் முன் அதைச் செய்தும் காட்டினால், 15,000 குறைவான அவர்கள் வண்டியை எடுப்பதில் தவறில்லை. எப்படியானாலும் பழைய டிராக்டரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட அவசரப்படாதீர்கள். முன்தொகைக்கு அந்தப் பணம் தேவைப்படாவிட்டால், முதல் சீசன் முடியும்வரை அதைக் கையில் வைத்திருந்து, பிறகு எக்ஸ்சேஞ்ச் விலையையும் வெளியார் கேட்கும் விலையையும் ஒப்பிட்டு விற்கலாம்.